தீவகத்துத் தபால் – 11: ஈமெயிலின் பத்தாண்டு

சென்ற இதழில் செஞ்சிலுவைச் சங்கத்தின் திறந்த கடிதத்தோடு நிறுத்தியிருந்தோம். உறை கிடையாது. குடும்பச் சேதி தவிர வேறொன்றும் எழுதக்கூடாது. போகிற வழியில் எவரும் படிக்கலாம். அப்படியொரு ஒற்றைத் தாளுக்காக யாழ்ப்பாணத்தை அடுத்த தீவகத்துத் தாய்மார் மாதக்கணக்கில் காத்திருந்த அதே ஆண்டுகளில், இலங்கையின் இன்னொரு மூலையில் முத்திரையே ஒட்டாத தபால் ஒன்று ஓடத் தொடங்கியிருந்தது.

1990 வாக்கில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அபய இந்துருவவும் அவரோடு சேர்ந்தவர்களும் 'லேர்ன்' என்ற கல்வி வலையமைப்பைத் தொடக்கி, பல்கலைக்கழகங்களுக்குள் ஈமெயிலை ஓடவிட்டார்கள். சாதாரண தொலைபேசிக் கம்பிதான். எழுதியது கணினியில் தேங்கி நிற்கும். இணைப்புக் கிடைக்கும்போது மொத்தமாகப் போகும். அதே 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. ஓகஸ்ட்டில் படையினர் தீவகத்தில் இறங்கினார்கள். அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலுமாக ஊர் ஊராகச் சனம் வீட்டைப் பூட்டிவிட்டும் பூட்டாமலும் கடலைக் கடந்து யாழ்ப்பாணப் பக்கம் போனது. அப்படி வெறித்துப்போன ஊர்களை எழுத்தில் வைத்தவர் புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம். அவருடைய 'காற்றுவழிக் கிராமம்' 1995இல் தொகுப்பாக வந்தது.

அதே 1995இல்தான் கொழும்பில் காசு கட்டி இன்ரநெற் இணைப்பு எடுக்கலாம் என்ற நிலை வந்தது. தெற்காசியாவில் அதை முந்திச் செய்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவோ, ஏற்கெனவே ஒருமுறை இடம்பெயர்ந்து வலிகாமத்தில் ஒண்டியிருந்த தீவகத்தார், வலிகாமத்தாரோடு சேர்ந்து மறுபடியும் தெருவில் இறங்கினார்கள். இரண்டையும் அடுத்தடுத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. '1995இல் இலங்கைக்கு இன்ரநெற் வந்தது' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த இலங்கைக்குள் நெடுந்தீவும் அனலைதீவும் இல்லை. அங்கே மனிதர் கைக்கு அது வந்து சேர மேலும் ஏழெட்டு வருடம் சென்றது. வந்தபோதும் இன்னொருவர் கைமாறித்தான் வந்தது. தீவகத்து ஈமெயிலின் கதையில் முக்கியமான ஆள் அந்த இன்னொருவர்தான்.

ஈமெயில் என்ற சாமான் அதற்கு வெகுகாலம் முந்தியது. ரே ரொம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் சேதி அனுப்பியது 1971இல். ஆனால் முதல் இருபத்தைந்து ஆண்டுகள் அது வேலைத்தலத்தோடும் பல்கலைக்கழகத்தோடும் ஒட்டியிருந்தது. வேலையை விட்டால் முகவரியும் போய்விடும். அதை மாற்றியது 1996 ஜூலை 4ஆம் திகதி வெளிவந்த ஹொட்மெயில். பெங்களூரில் படித்த சபீர் பாட்டியாவும் ஜக் ஸ்மித்தும் தொடங்கியது. எந்த ஊரில் எந்தக் கணினி முன்னால் இருந்தாலும் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினால் கடிதப் பெட்டி திறக்கும், காசும் இல்லை. அடுத்த ஆண்டு முடிவதற்குள் மைக்ரோசொஃப்ற் அதை வாங்கிவிட்டது. யாஹூவும் 1997இல் அதே வழியில் வந்தது.

இதன் பெறுமதி மற்றவர்களைவிட எங்கள் பெடியளுக்குத்தான் உடனே விளங்கியது. ஏஜென்சிக்காரனை நம்பி வெளிக்கிட்டவனுக்கு முகவரி ஏது? வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ லொட்ஜில் இரண்டு மாதம், பிறகு பாங்கொக்கிலோ மொஸ்கோவிலோ ஒரு அறையில் பத்துப் பேரோடு காலம் தெரியாத காத்திருப்பு. அவனுக்கு எந்த நாட்டுத் தபால்காரனும் கடிதம் கொடுக்க முடியாது. அவன் வாழ்க்கையில் முதல் நிரந்தர முகவரி ஹொட்மெயில்தான். கொழும்பில் வெளிநாட்டு அழைப்பு, ஃபக்ஸ், ஃபோட்டோக்கொப்பி என்று பலகை போட்டிருந்த கொமினிகேசன் கடைகள் மூலையில் ஒரு கணினியை வைத்து 'ஈமெயில்' என்ற சொல்லையும் பலகையில் சேர்த்துக்கொண்டன. நிமிடத்துக்கு இவ்வளவு, பக்கத்துக்கு இவ்வளவு.

ஆனால் ஊரிலிருந்த தாயை அது எட்டவில்லை. 1990களின் கடைசியில் வேலணையிலோ கரம்பொனிலோ பிறந்து வளர்ந்த ஒரு குடும்பத்தை நினைத்துப்பாருங்கள். மூத்தவன் ஒஸ்லோவில், நடுவிலான் சூரிச்சில், மகள் ஸ்காபரோவில். மூன்று பேரும் தங்களுக்குள் ஈமெயிலில் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். தாய்க்குக் கடிதம்தான். முன்பெல்லாம் ஆச்சி மூன்று ஏரோகிராம் எழுதுவா. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விஷயம், ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு ஏச்சு. நீலத்தாளில் உள்ளே இடம் முடிந்ததும் மடிக்கிற விளிம்பில் எழுதி, அதுவும் முடிந்ததும் சுற்றிவர ஓரத்தில் எழுதி, ஒட்டுகிற இடத்தில் 'மிச்சம் பிறகு' என்று முடிப்பா. பிள்ளைகள் கணினியில் சேர்ந்த பிறகு ஒருவனுக்கு வந்த கடிதத்தை அவன் மற்ற இருவருக்கும் தட்டச்சுச் செய்து அனுப்பினான். 'எல்லாருக்கும் தனித்தனியாக எழுதத் தேவையில்லை அம்மா, ஒருவருக்கு எழுதினால் போதும்' என்று தாய்க்கும் எழுதிவிட்டான். முத்திரைச் செலவு மிச்சம். மூன்று ஏச்சும் ஒரே ஏச்சாகிவிட்டது. சகோதரங்களை நெருக்கிவைத்த ஈமெயில் தாயை ஓர் அடி தள்ளிவைத்தது என்பது என் கணிப்பு. இதைப் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம். ஏப்ரலில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்தது. யாழ்ப்பாணத்தில் பஸ் நிலையத்தைச் சுற்றியும் பல்கலைக்கழகத்தை அண்டியும் நெற் கஃபேக்கள் முளைத்தன. மரப்பலகையால் பெட்டி பெட்டியாக மறித்து, மேசைக்கு ஒரு கணினி, தலைக்கு மேலே சுழல்வதா வேண்டாமா என்று யோசிக்கிற காற்றாடி. தீவகத்துச் சனம் ஈமெயிலைச் சந்தித்தது அங்கேதான்.

நெடுந்தீவிலிருந்து ஒருவர் ஈமெயில் பார்க்க வருவதென்றால் என்ன என்று கணக்குப் பாருங்கள். விடியப் படகு. குறிகட்டுவானுக்குக் கடலில் ஒரு மணித்தியாலம். சோளகம் பேர்ந்தால் அதற்கும் மேலே, சில நாளில் படகே இல்லை. குறிகட்டுவானில் பஸ் ஏறிப் புங்குடுதீவு, வாணர் தாம்போதி, வேலணை, பண்ணைப் பாலம் என்று சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி யாழ்ப்பாணம். கடையில் முன்னால் நிற்கிறவர்களை விட்டு, தன் முறை வந்து, இணைப்பு விழாமல் இருந்து, பின்னேரப் படகு தவறாமல் திரும்பவேண்டும். ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு நொடியில் வந்த கடிதத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவு போக ஒரு பகல் வேண்டியிருந்தது. தபால் என்றால் அதுவும் அதே படகில்தான் பையாக வரும், ஆனால் வீட்டுக்கு வரும். ஆகவே யாழ்ப்பாணத்தில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளை ஒன்று ஈமெயிலை அச்செடுத்து, படகில் வருகிற யாரிடமாவது மடித்துக் கொடுத்துவிடும். கையில் கொடுத்துவிடுகிற கடிதம் எங்கள் தீவுகளில் பழைய வழக்கம். ஈமெயிலும் கடைசி இருபது மைல் அப்படியே பயணம் செய்தது.

அந்தக் கடைகளில் கண்ட காட்சி ஒன்று இன்னும் நினைவில் நிற்கிறது. வயதான ஓர் அம்மா, கணினிக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் கதிரையில். தட்டுகிற பெடியனுக்கு இருபது வயது இருக்கும். அம்மா சொல்லச் சொல்ல அவன் தட்டுகிறான்.

"தம்பி, மேலை சிவமயம் போட்டனியோ?"

"சப்ஜெக்ற்றிலை போடுறதோ அம்மா, உள்ளுக்கை போடுறதோ?"

"மேலை எண்டால் மேலை தானே மோனை."

பெடியன் சப்ஜெக்ற்றில் சிவமயம் என்று போட்டான். மகன் கனடாவில் பெட்டியைத் திறந்தபோது, விளம்பரக் கடிதங்களுக்கு நடுவே அம்மாவின் கடிதம் எதுவென்று தேட வேண்டியிருந்திராது.

சிரிப்பான சங்கதிதான். ஆனால் அந்த அம்மா அவனுக்கு முன்னால் எதைச் சொல்லவில்லை என்பதுதான் வரலாற்றுக்கு வேண்டியது. மகளின் கலியாணப் பேச்சு குழம்பிய கதையையோ, மருமகனைக் கொண்டுபோய் விசாரித்த கதையையோ, மாமன் வீட்டுக்காரரோடு வேலிச் சண்டை வந்ததையோ கடைப் பெடியனை வைத்துக்கொண்டு சொல்ல முடியுமா? எழுதத் தெரியாதவர்களுக்கு முந்திய காலத்தில் கடிதம் எழுதிக் கொடுத்த வாத்தியாரோ உடையாரோ ஊரவர். வாய் பொத்துகிற கடமை அவருக்கு இருந்தது. கடைப் பெடியன் யாரோ எவரோ. அவனுக்கு வரிசையில் பத்துப் பேர் நிற்கிறார்கள். கடவுச்சொல்லும் அவனுக்குத் தெரியும். மகனின் பெயரும் பிறந்த ஆண்டும்தான். அதனால் தீவகத்திலிருந்து போன ஈமெயில்கள் மரியாதையாக, சுருக்கமாக, ஒன்றும் சொல்லாமல் இருந்தன. 'நாங்கள் சுகம். நீங்கள் சுகமோ. காசு கிடைத்தது. நிலைமை பரவாயில்லை.' உள்விஷயம் தொலைபேசியிலோ, நம்பிக்கையான ஆள் கையில் கொடுத்த கடிதத்திலோ போனது.

இன்னொரு தடை, எழுத்து. கணினியில் தமிழ் தெரிவதே அன்றைக்குப் பெரும்பாடு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்து வெளியிட்டிருந்தார்; 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடி எழுத்துக் குறியீட்டைப் பற்றி நாள்கணக்கில் வாதாடின. இலங்கைத் தமிழர் கையிலிருந்தது பெரும்பாலும் பாமினி எழுத்துரு. அச்சகக்காரரிடமிருந்து பழகிய சாமான். அனுப்புகிறவரிடமும் பெறுகிறவரிடமும் பாமினி இருந்தால் தமிழ் தெரியும். ஒருவரிடம் இல்லாவிட்டால், 'அம்மா' என்று அனுப்பியது நடுவில் ஓர் அரைப்புள்ளி குத்தி நிற்க நான்கு ஆங்கில எழுத்தாக வந்து சேரும். மெய்யெழுத்தின் குற்றுகள் எல்லாமே அரைப்புள்ளிதான். ஒரு பக்கக் கடிதம் அரைப்புள்ளி கொட்டிக் கிடக்கிற தாளாகத் திறக்கும். பழகியவர்கள் சிலர் அதையே வாசிக்கவும் கற்றுக்கொண்டார்கள் என்பதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

மற்ற வழி ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவது. 'அப்பாவுக்கு வலி இல்லை' என்று கடைப் பெடியன் தட்டியது ஸ்காபரோவில் 'வழி இல்லை' என்றும் வாசிக்கப்படும். வலியில்லை என்றால் ஆறுதல்; வழியில்லை என்றால் அன்றிரவே தொலைபேசி அட்டை வாங்கிக் கூப்பிட வேண்டும். யுனிகோட் வந்து, விண்டோஸ் தமிழைத் தாங்கத் தொடங்கியபிறகு இது மெல்லத் தீர்ந்தது. ஜேர்மனியிலிருந்த சுரதா யாழ்வாணன் செய்த 'பொங்குதமிழ்' என்ற எழுத்துரு மாற்றி பாமினிக் குவியலை யுனிகோடுக்குக் கொண்டுவர எத்தனையோ பேருக்கு உதவியது. ஜிமெயிலுக்குள்ளேயே ஆங்கில ஒலியில் தட்டித் தமிழ் பெறும் வசதி 2009இல் வந்தது. 2009, போர் முடிந்த ஆண்டு; அது எங்களுக்கு என்ன ஆண்டு என்று சொல்லத் தேவையில்லை. கடிதமாக ஈமெயில் வாழ்ந்த காலம் முடிகிற தறுவாயில்தான் அதில் தமிழ் ஒழுங்காக எழுத முடிந்தது.

அப்படியானால் அந்தப் பத்தாண்டில் ஈமெயில் தீவகத்துக்கு எதைத்தான் செய்தது? ஈமெயிலோடு இணைப்பாகப் போனவற்றைப் பாருங்கள். சேதியைவிட அதுதான் பெரிது. முதலாவது, சாதகக் குறிப்பு. கலியாணத் தரகர் கையில் பழுப்பேறிய ஃபோட்டோக்கொப்பியாகத் திரிந்த குறிப்பு, ஸ்கான் செய்யப்பட்டு, பெண்ணின் படத்தோடு ஒரே நாளில் ஐந்து நாட்டுக்குப் போனது. பொருத்தம் பார்க்கிறவர் நயினாதீவில் இருந்தாலும் சரி, மாப்பிள்ளை பிறெஞ்சு நாட்டில் இருந்தாலும் சரி, நடுவில் மாதங்கள் கரையவில்லை. தீவகத்துக் கலியாணச் சந்தையை உலகச் சந்தையாக்கியதில் விமானத்துக்கு இருக்கிற பங்கு இந்தச் சின்ன இணைப்புக்கும் உண்டு.

இரண்டாவது, வீடு. போர்நிறுத்தத்தில் பல வருடங்களுக்குப் பிறகு ஊர் பார்க்கப் போனவர்கள் டிஜிற்றல் கமராவோடு போனார்கள். கூரையில்லாத வீடு, நிலைக்கதவு கழற்றிய வாசல், வடலி முளைத்த முற்றம், கிணற்றடியில் இன்னும் நிற்கிற துவைக்கிற கல். அந்தப் படங்கள் ஈமெயிலில் சுற்றின. ஹொட்மெயில் பெட்டியின் கொள்ளளவு அப்போது மொத்தமே 2 மெகாபைற். இரண்டு மூன்று படத்தோடு பெட்டி நிறைந்து அடுத்த கடிதம் திரும்பிவிடும். வீட்டை இறக்கிப் பார்த்துவிட்டு அழித்தால்தான் கிணற்றுக்கு இடம் வரும். 2004 ஏப்ரல் 1இல் கூகிள் 1 கிகாபைற்றோடு ஜிமெயிலை அறிவித்தபோது முட்டாள்கள் தினப் பகிடி என்றுதான் பலர் நினைத்தார்கள். படங்களைத் தொடர்ந்து காணி உறுதிகளும் அற்றோணித் தத்துவத்தின் வரைவுகளும் போக வரத் தொடங்கின. ஒப்பமிட்ட மூலப்பிரதி மட்டும் கூரியரில். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னாவணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தந்தாலும், காணிக் கைமாற்றத்துக்கு அது பொருந்தாது. உறுதி இன்றைக்கும் நொத்தாரிசின் தாளில்தான்.

மரணச் செய்தியை மட்டும் ஈமெயிலிடம் ஒருபோதும் யாரும் ஒப்படைக்கவில்லை. தந்திக்குப் பிறகு தொலைபேசி, இலங்கை வானொலியின் மரண அறிவித்தல், பத்திரிகை. அந்த வரிசையில் ஈமெயில் நுழையவேயில்லை. செத்தவீட்டுப் படங்கள் பிறகு இணைப்பாக வரும், அவ்வளவுதான்.

2006 எல்லாவற்றையும் பின்னுக்கு இழுத்தது. மே 13ஆம் திகதி இரவு அல்லைப்பிட்டியில் கொலைகள். ஓகஸ்ட் 11இல் ஏ9 பாதை மூடப்பட்டது. அதே மாதம் 20ஆம் திகதி அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காணாமற்போனார். ஊரடங்கு, எரிபொருள் தட்டுப்பாடு, நின்று நின்று வந்த கைபேசிச் சேவை. ஐந்து மணிக்குள் வீடு திரும்ப வேண்டுமென்றால் தீவகத்திலிருந்து யாழ்ப்பாணம் போய்க் கணினி முன்னால் யார் இருப்பது? தபாலும் கப்பலையும் விமானத்தையும் நம்பிக் கிடந்தது. நெற் கஃபேக்கு வந்தவர்களும் எழுதுவதைவிட அழிப்பதில் கூடக் கவனமாக இருந்தார்கள். பார்த்த பக்கங்களின் சுவடு தெரியாமல் துடைத்துத் தரச் சொல்லிக் கேட்பது அந்நாளில் வழக்கமாயிற்று. கடிதத்தைப் படித்துவிட்டு எரித்த பழைய பழக்கம் கணினிக்குக் குடிபெயர்ந்தது அப்படித்தான்.

போர் முடிந்தபிறகு வந்ததை விரைவாகவே சொல்லிவிடலாம், எல்லாரும் கண்டதுதான். ஸ்கைப் 2003 முதலே இருந்தாலும் அதற்குக் கணினி வேண்டியிருந்தது. 2010 கடைசியில் வைபர், கைபேசியிலேயே இலவச அழைப்பு. பிறகு வட்ஸ்அப் பரவியது. தீவகத்தைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் 2013இல் வட்ஸ்அப் கொண்டுவந்த குரல் பதிவு. ஆச்சிக்கு எழுத்துருவும் வேண்டாம், கடைப் பெடியனும் வேண்டாம். பேத்தி அழுத்திப் பிடித்துக் கொடுத்தால் ஆச்சி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துவிட்டுக் கதைக்கத் தொடங்குவா. ஏச்சும் திரும்ப வந்தது, ஆளாளுக்குத் தனித்தனியாக. 2016இல் முகம் பார்த்துக் கதைக்கவும் வசதி வந்துவிட்டது. ஈமெயில் வெளியே நிறுத்திய தாயைக் குரல் உள்ளே கூட்டிக்கொண்டது. இந்த ஒரு விஷயத்தில் வட்ஸ்அப்புக்கு நான் நன்றி சொல்லத் தயார், அதில் விடிய விடிய வருகிற பூப்படங்களைத் தவிர்த்து.

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் இந்த ஆண்டுகளிலெல்லாம் மின்சாரம் டீசல் இயந்திரத்தில்தான் வந்தது. தேசிய மின்தொகுப்போடு தொடுப்பு இருக்கவில்லை. காற்றும் சூரியனும் கலந்த மின்திட்டத்துக்கு 2022இல் இந்தியாவோடு உடன்பாடு ஆனது. கைபேசி ஒருமுறை சார்ஜ் ஏறினால் ஒரு நாள் ஓடும்; மேசைக் கணினி ஓடாது. கணினியில் வாழ்ந்த ஈமெயில் தீவில் வேர்விடாமல் போனதற்கும் கைபேசியில் வாழ்கிற வட்ஸ்அப் வேர்விட்டதற்கும் இந்தச் சாதாரண காரணமும் ஒன்று.

இங்கே வேடிக்கையொன்றும் நடந்தது. ஈமெயில் காலத்தில் தீவகத்தில் ஈமெயில் முகவரி வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். இப்போது கிட்டத்தட்டக் கைபேசி வைத்திருக்கிற எல்லாரிடமும் இருக்கிறது. அன்ட்ரொயிட் கைபேசியைப் புதிதாகத் திறந்தால் ஜிமெயில் கணக்குக் கேட்கும். விற்கிற கடைக்காரரே ஒன்றைத் திறந்து கொடுத்துவிடுகிறார். மீண்டும் அதே கடைப் பெடியன்! முகவரி உண்டு, ஒரு கடிதமும் அதிலிருந்து போனதில்லை. ஈமெயில் இப்போது அலுவலகச் சாமான். பல்கலைக்கழக அனுமதி, வங்கி, விசா. 2011 டிசம்பரில் கனடா தொடங்கிய சுப்பர் விசாவுக்குப் பெற்றோரைக் கூப்பிடுகிற பிள்ளை ஸ்காபரோவிலிருந்து வட்ஸ்அப்பில் கத்துவான்: "அம்மா, ஈமெயிலைத் திறந்து பாருங்கோ, விசா ஒஃபிஸாலை வந்திருக்கும்." அம்மாவுக்குக் கடவுச்சொல் தெரியாது. பேத்திக்குத் தெரியும்.

2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பிறகும் அரசு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் மறித்தது. இரண்டாவது முறை ஒரு கிழமைக்கும் மேலே. வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் பதறிப்போய்க் காசு கொடுத்து அழைப்பெடுத்தார்கள். இளசுகள் விபிஎன் போட்டார்கள். ஈமெயிலை யாரும் மறிக்கவில்லை. அது திறந்தே கிடந்தது. உறவுகளின் சுகம் விசாரிக்க அதைத் திறக்க வேண்டுமென்று எனக்குத் தெரிந்த எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்து. தனிமனிதத் தொடர்பு என்ற வகையில் ஈமெயில் எங்களிடையே முடிந்துவிட்டது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்தத் தொடரை எழுதும்போது எனக்கு ஏற்பட்ட சிக்கலையும் சொல்லவேண்டும். 1930களில் மலாயாவிலிருந்து வந்த கடிதங்கள் கிடைத்தன. காலியிலும் கண்டியிலும் கடை வைத்திருந்த காரைநகர், புங்குடுதீவு வியாபாரிகளின் கடிதங்கள் கிடைத்தன. 1990களின் ஏரோகிராம்கள், ஷெல்லுக்கும் இடப்பெயர்வுக்கும் தப்பி, ட்ரங்குப் பெட்டியின் அடியில் பூச்சியுருண்டை மணத்தோடு கிடைத்தன. 1998க்கும் 2010க்கும் இடையில்தான் கை வெறுமை. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் இந்தச் சனம் தங்களுக்குள் எழுதிக்கொண்டது எங்கே? அன்றைய இலவசச் சேவைகள் சில கிழமைகளோ சில மாதங்களோ திறக்காமல் விட்டாலே பெட்டியைத் துடைத்துவிடும் வழக்கம் கொண்டவை. கடவுச்சொல் தெரிந்த பெடியன் கடையைப் பூட்டிவிட்டு லண்டன் போய்விட்டான். கடிதம் எழுதியவர் காலமாகிவிட்டார். போர் எரித்ததைவிடக் கூடுதலான கடிதங்களை மறதி அழித்திருக்கிறது. முகாமும் பதுங்குகுழியும் பற்றி ஆயிரம் ஆவணம் இருக்கிறது. போர்நிறுத்தக் காலத்தில் ஊரைத் திரும்பிப் பார்த்த மனிதர் வீட்டுக்கு என்ன எழுதினார் என்பதற்கு ஒன்றிரண்டு அச்சுத்தாள் தவிர ஒன்றும் இல்லை. அதுவும் அந்த நெடுந்தீவுப் படகில் மடித்துக் கொடுத்துவிட்ட தாள்தான்.

மிச்சம் இருப்பதும் நெடுநாள் இராது. இரண்டு வருடம் திறக்காத தனிநபர் கணக்குகளை அழிக்கும் நடைமுறையைக் கூகிள் 2023 டிசம்பரில் தொடங்கிவிட்டது. மைக்ரோசொஃப்ற்றும் இரண்டு வருடக் கணக்குத்தான் வைத்திருக்கிறது. யாஹூ அதற்கும் குறைவு.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 2000களில் தீவகத்திலிருந்தோ தீவகத்துக்கோ போன வந்த ஈமெயில் உங்கள் பழைய பெட்டியில் இருந்தால், இந்தக் கிழமையே ஒருமுறை திறந்து பாருங்கள். கடவுச்சொல் மறந்திருந்தால் மீட்கிற வழியைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். அரைப்புள்ளி நிறைந்த பாமினிக் கடிதமாக இருந்தாலும் அழிக்க வேண்டாம், யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு பிரதி அச்செடுத்து, திகதி தெரியும்படி வீட்டில் வையுங்கள். வெளியார் பார்க்கலாம் என்று நீங்கள் நினைப்பவற்றை 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனம் போன்ற ஓரிடத்துக்குக் கொடுக்கலாம். பெயரை மறைத்துக் கொடுத்தாலும் போதும்.

(தொடரும்)